துணி துவைத்தவள்

அவள் பேரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், எந்தத் தேசத்தில் இருந்தாலும் போன் போட்டு, "நான் அப்பிடியாடி சொன்னன்? இப்பிடித்தான சொன்னன்?" என்று வரி வரியாகத் திருத்துவாள். பேர் போடாவிட்டாலும் திருத்துவாள்தான். ஆனால், "அது நீ இல்லடி, வேற யாரோ" என்று நான் சாதிக்கலாம். அவளிடம் சாதித்து ஜெயித்தவர்கள் எங்கள் கிருமாம்பாக்கத்தில் யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

அவளுக்கு ஒரு குணம். செய்யாததைச் செய்ததாகச் சொன்னால் பொறுக்காது. பழி சொன்னால் யாருக்கும்தான் பொறுக்காது. இவளுக்குப் புகழ்ந்து சொன்னாலும் பொறுக்காது.

ஒருமுறை பாகூரில் ஒரு கல்யாணம். பந்தியில் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து இலை. அவளுடைய தம்பி, மாப்பிள்ளை வீட்டுப் பெரிய மனிதர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து எங்களுக்கு எதிரே நிறுத்தினான்.

"எங்க அக்காங்க. வெளிநாட்டுல பெரிய ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தாங்க. அங்க சண்ட வந்து குண்டு போட்டப்பகூட பேஷண்ட்ட எல்லாம் உட்டுட்டு ஓடி வரலிங்க" என்றான்.

பெரிய மனிதர் கையைக் கூப்பினார். அவள் அப்பளத்தை நொறுக்கிச் சாம்பார் சோற்றில் போட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"நர்ஸ் இல்லிங்க. துணி தொவச்சன். ஓடாமல்லாம் இல்ல, ஓடத்தான் பாத்தன். ரோட்ட மூடிட்டானுங்க."

கூப்பிய கையைப் பிரிப்பதா, அப்படியே வைத்துக்கொள்வதா என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை. "அக்கா எப்பவும் தமாஷா பேசுவாங்க" என்று தம்பி சிரித்து மழுப்பினான்.

"தமாஷ் இல்லடா. பாயசம் வருது, தள்ளு" என்றாள்.

இப்படி ஒரு ஆளோடு வெளியே போய்வருவது சுலபம் என்று நினைக்காதீர்கள். ஒரு சாவு வீட்டில், செத்துப்போன கிழவரைப் பற்றி, "எத்தினி பேருக்கு சோறு போட்ட கை!" என்று ஒருத்தி ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கிழவர் காக்காய்க்குக்கூட எச்சில் கையை உதறாதவர். இவள் என் காதருகே வந்து, "யாருக்குடி போட்டாரு?" என்றாள். காதருகே என்று நான் சொல்கிறேன். நாலு பேருக்குக் கேட்டது. நான் அவள் தொடையைக் கிள்ளினேன். "ஏன்டி கிள்ற? கேட்டது தப்பா?" என்றாள். அது நாலு தெருவுக்குக் கேட்டது.

என்னையும் விட்டுவைக்கவில்லை. கடலூர் ரோட்டில் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே என் தையல் கடை. பக்கத்துக் கடை சேகருடையது. ஜெராக்ஸ் எடுப்பான், பிளெக்ஸ் அடிப்பான், மிச்ச நேரத்தில் ஊர் இளைஞர் மன்றத்துக்குத் தலைவராக இருப்பான். அவன் ஆசையாக என் கடைக்கு ஒரு போர்டு அடித்துக் கொடுத்தான். 'பேஷன் டிசைனர்' என்று போட்டு, பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இவள் வந்து போர்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீ இன்னாடி டிசைன் பண்ற? அளவு பிளவுஸ் குடுத்தா அதே மாதிரி தைக்கற. தைக்கறன்னு போடறதுக்கு இன்னா?"

எனக்குக் கோபம் வந்தது. ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து, எதுவுமே நடக்காததுபோல ஸ்டூலை இழுத்துப் போட்டு, என் பிளவுஸ்களுக்கு ஊக்கு கட்ட ஆரம்பித்துவிட்டாள். போர்டு அப்படியே இருக்கிறது. ஆனால் யாராவது என்ன தொழில் என்று கேட்டால், "தைக்கிறேன்" என்றுதான் இன்றைக்கும் வாயில் வருகிறது.

நாங்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அவள் புருஷன் குடித்தே போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. தம்பி வீட்டில் எத்தனை நாள் உட்கார்ந்து சாப்பிடுவது என்று, ஏஜெண்டைப் பிடித்து வெளிநாட்டுக்குக் கிளம்பினாள். ஆஸ்பத்திரி வேலை என்றார்கள். ஆஸ்பத்திரி வேலைதான். ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைக்கிற வேலை.

அவர்கள் வீடு கரும்பும் நெல்லும் போடுகிற வீடு. நிலம் ரெண்டு காணிதான் இருக்கும். கௌரவம் இருபது காணிக்கு உண்டு. அந்த வீட்டுப் பெண் கண்டவர் துணியைத் துவைக்கிறாள் என்று தெரிந்தால் என்ன ஆவது? அந்த வேலைக்கென்று சிலரை ஒதுக்கி, தலைமுறை தலைமுறையாக வாசலோடு நிறுத்திப் பழகிய ஊர் இது. வெளுத்த துணி வேண்டும், வெளுத்தவர் வீட்டுக்குள் வரக்கூடாது. எனக்கு இந்தப் புத்தியை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். தம்பி கெட்டவன் இல்லை. ஊருக்குப் பயந்தவன். அதனால் அக்காவை நர்ஸ் ஆக்கினான். அவள் ஏறின விமானம் இறங்குவதற்குள் ஆக்கி முடித்துவிட்டான்.

எந்த நாடு என்று கேட்பீர்கள். சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த கேள்வி, எந்தப் பக்கம் நியாயம் என்று வரும். அவள் திரும்பி வந்த புதிதில் ஊரே அவளிடம் அதைத்தான் கேட்டது. நீ எந்தப் பக்கம் இருந்தாய் என்று டீக்கடைப் பெஞ்சில் ஒருத்தர் கேட்டதற்கு, "பின்பக்கம். ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம்" என்றாள். குண்டு போட்டது யார் என்றால், "மேலேர்ந்து வந்துது. பேர் எழுதி அனுப்பல" என்பாள்.

அந்த டீக்கடை டிவியில் சாயந்திரமானால் யாராவது இரண்டு நாட்டுக்காரர்கள் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். பெஞ்சில் இருப்பவர்களுக்கு ரத்தம் சூடாகும். "ஒரு தடவ உட்டு அடிச்சாத்தான் புத்தி வரும்" என்று ஒருவன் தொடையைத் தட்டுவான். ஒரு நாள் இவள் பால் வாங்க வந்தவள் நின்றாள்.

"அடிக்கலாம்டா. அடிக்கறவன் சட்டைய யார் தொவப்பா? நீயா?"

"அதுக்கெல்லாம் ஆள் இருக்கும்க்கா."

"அந்த ஆளுதான்டா நான்" என்று சொல்லிவிட்டுப் பால் பாக்கெட்டோடு போய்விட்டாள்.

நர்ஸ் என்ற பேர் ஒருமுறை பெரிய வம்பில் கொண்டுபோய் விட்டது. கரும்பு வெட்டின சமயம். காலனியிலிருந்து வெட்டுக்கு வந்த ஒருவர் முழங்காலுக்குக் கீழே கத்தியைப் போட்டுக்கொண்டார். நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு நேராக இவள் வாசலுக்கு ஓடி வந்துவிட்டார்கள். நர்ஸம்மா இருக்கிறார்களே!

"நான் நர்ஸ் இல்லடா! என் வாசல்ல கொண்டாந்து போட்டா நான் இன்னா பண்ணுவன்? ஆட்டோவ கூப்புடு, பெரியாஸ்பத்திரிக்குப் போ!" என்று கத்தினாள். கத்திக்கொண்டே தம்பியின் புதுத் துண்டைக் கொடியிலிருந்து உருவி, வெட்டின இடத்தில் வைத்து, ஆட்டோ வரும்வரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த மனிதருக்குக் கால் பிழைத்தது. அதற்கு நன்றி சொன்னவர்களிடமும், "தச்சது டாக்டரு. அவரப் போய்ப் பாருங்க" என்றாள்.

துண்டையும், ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த கைலியையும் தம்பி பொண்டாட்டி குப்பையில் போடப் போனாள். இவள் பிடுங்கிப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தாள். வெந்நீர் கூடாதாம், ரத்தம் துணியைப் பிடித்துக்கொள்ளுமாம். துவைத்து, காயவைத்து, மடித்து, காலனிக்குத் தானே நடந்துபோய் அந்த மனிதர் வீட்டில் கைலியைக் கொடுத்துவிட்டு வந்தாள். தம்பி வீட்டில் குதித்தான். அந்த ஆள் துணியை நம்ம வீட்டுப் பெண் துவைப்பதா என்று.

"அங்க யார் துணின்னு கேட்டுகினா தொவச்சன்? போர்வையில பேரு இருக்குமா, ஊரு இருக்குமா? ரத்தம் இருக்கும். போவணும். அவ்ளோதான்" என்றாள்.

அங்கே நடந்ததை அவள் கோவையாகச் சொன்னதே இல்லை. என் கடையில் கரண்ட் போனால் கொஞ்சம் சொல்லுவாள். மிஷின் சத்தம் நின்று, நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் ஊக்கு கட்டுவதை நிறுத்தாமல் பேசுவாள். அங்கேயும் கரண்டில்தான் ஆரம்பித்ததாம். சண்டை தொடங்கின கொஞ்ச நாளில் மின்சாரம் நின்றுவிட்டது. ஜெனரேட்டருக்கு இருந்த டீசல் ஆபரேஷன் அறைக்கே போதவில்லை. துவைக்கிற மிஷின்கள் எல்லாம் செத்துப்போயின.

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? கை இருக்குல்ல. பெரிய பெரிய தொட்டியில போட்டுக் காலால மெறிச்சோம்."

அவளோடு துவைத்தவள் சல்மா. அந்த ஊர்க்காரி, ஐம்பது வயசு, ஆள் நல்ல தாட்டி. இவளுக்கு அந்த ஊர்ப் பாஷையைக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். முதலில் திட்டுகிற வார்த்தைகள், பிறகு சோப்பு, தண்ணீர், சீக்கிரம், போதும். இரண்டு பேரும் ஓயாமல் சண்டை போடுவார்களாம். ரெண்டு அலசல் போதும் என்பாள் இவள். மூன்று அலசல் என்பாள் சல்மா. காலையில் டாக்டர் வந்தால், மருந்து இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் இவர்களிடம் வந்து, துணி இருக்கிறதா என்றுதான் கேட்பாராம். துணி இல்லை என்றால் அன்றைக்கு வெட்டுவதும் இல்லை, தைப்பதும் இல்லை.

"யார்ர்ரா இவளுங்கன்னு ஒருத்தனும் திரும்பிப் பாக்காத எடம்டி அது. அந்த ஒரு மாசம் பெரிய டாக்டரே எங்க மூஞ்சிய பாத்துகினு நின்னாரு" என்று சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு கர்வம் வரும். அந்தக் கர்வத்தை மட்டும் அவள் மறைத்ததே இல்லை. செய்ததற்குத்தானே கர்வம்.

துவைத்ததை மொட்டை மாடியில் காயப்போடுவார்கள். வெள்ளைப் போர்வைகளை மாடி நிறைய விரித்துப் போடச் சொன்னது சல்மாதான். மேலே பறக்கிறவனுக்கு இது துணி துவைக்கிற இடம், இங்கே சண்டை இல்லை என்று தெரியட்டும் என்றாளாம்.

"தெரியலியா?" என்று நான் கேட்டேன்.

அவள் ஊசியை நிறுத்தினாள். "தெரிஞ்சிருக்கும்டி. அவ்ளோ பெரிய வெள்ள, எப்பிடித் தெரியாம பூடும்?"

அன்றைக்குப் பின்பக்கக் குழாயில் தண்ணீர் வரவில்லை. முன்பக்கத் தொட்டியில் பிடித்துவர இவள் போயிருந்தாள். சத்தம் கேட்டது. திரும்பி ஓடினால், துவைக்கிற கட்டடம் இல்லை. சல்மாவை எடுத்தபோது இரண்டு கையிலும் ஒரு போர்வையைப் பிடித்திருந்தாளாம், ஈரத்தோடு. பிழிந்துகொண்டிருந்திருப்பாள். அவளோடு இன்னும் இரண்டு பெண்களும் போய்விட்டார்கள்.

அடுத்த நாள் ரேடியோவில் சொன்னார்கள். பின்பக்கக் கட்டடத்தில் துப்பாக்கிக்காரர்கள் பதுங்கியிருந்தார்கள், செத்தது எல்லாம் அவர்கள்தான் என்று.

"துப்பாக்கியாம்டி. பக்கெட்டு, பிரஷ்ஷு, சோப்புத்தூளு. எதடி துப்பாக்கின்றான்?"

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரே ஊக்கை இரண்டு தடவை கட்டினாள்.

இவ்வளவும் நான் சொன்னது எதற்கென்றால், அந்த பிளெக்ஸ் விவகாரத்தில் அவள் செய்தது பைத்தியக்காரத்தனம் என்று இன்றைக்கும் சிலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான்.

அவள் திரும்பி வந்த மறு வருஷம். வேறொரு நாட்டில் இருக்கிற சல்மாவின் மகள் போனில் பேசினாள். அந்த ஆஸ்பத்திரியில் குண்டு போட்டதைப் பற்றி ஒரு குழு விசாரிக்கிறது. துவைக்கிற கட்டடத்திலிருந்து உயிரோடு மிஞ்சினது இவள் ஒருத்திதான். அங்கே இருந்தது யார், கையில் என்ன வைத்திருந்தார்கள் என்று கம்ப்யூட்டர் வழியாகச் சொல்லமுடியுமா என்று கேட்டாள். இவள் உடனே சரி என்றாள். "நமக்கு எதுக்குக்கா வம்பு?" என்று தம்பி இழுத்தான். "செத்தது உனக்கு வம்பா?" என்று ஒரே அடியாக அடித்துவிட்டாள்.

விசாரணைக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் புது நிழற்குடை திறக்க எம்.எல்.ஏ. வருவதாக ஏற்பாடு. கூடவே இவளுக்கு ஒரு பாராட்டு வைக்கலாம் என்று மன்றத்துப் பையன்களுக்குத் தோன்றியிருக்கிறது. தம்பிதான் தகவல் கொடுத்திருக்கிறான். சேகர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து அடித்த பிளெக்ஸ், காலையில் சவுக்குக் கம்புகளில் ஏறிவிட்டது. பின்னால் ரெண்டு டாங்கி, மேலே ஒரு ஹெலிகாப்டர், கீழே நெருப்பு. நடுவில் ராணுவ உடுப்பில் ஒரு பெண், கையில் இத்தனை நீளத் துப்பாக்கி. கழுத்துக்கு மேலே இவள் முகம். அவளுடைய பழைய கல்யாண போட்டோவிலிருந்து எடுத்த முகம், தலையில் பூ வேறு. 'போர்முனை கண்ட வீரமங்கையே! செவிலியர் குலவிளக்கே!' என்று எழுத்து.

தம்பி மகள் அதைப் போட்டோ எடுத்து, அத்தையின் போனிலேயே ஸ்டேட்டஸாக வைத்துவிட்டாள். பெருமைதான், வேறென்ன.

காலை பத்து மணிக்கு இவள் என் கடைக்கு வந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. போனை எடுத்து ஒரு குரலை ஓடவிட்டாள். இளம்பெண் குரல், அழுதுகொண்டே பேசியது. எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை.

"சல்மா பொண்ணு. 'இது இன்னா படம்க்கா? எங்கம்மாவ கொன்னவங்க இந்தத் துப்பாக்கியத்தான தேடிகினு இருக்காங்க'ன்றா."

அதற்குப் பிறகுதான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள். "உன் பெரிய கத்தரிய குடு."

அது துணிக்கு மட்டும் வைத்திருக்கிற கத்தரி. வேறெதையாவது வெட்டினால் முனை போய்விடும். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்துக் கொடுத்துவிட்டேன்.

என் ஸ்டூலையும் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். ஏறி நின்று, துப்பாக்கியைச் சுற்றி நிதானமாக வெட்டினாள். கையும் சேர்ந்து வந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சேகர் அலறிக்கொண்டு ஓடி வந்தான்.

"அக்கா! அக்கா! எம்.எல்.ஏ. வராருக்கா! ஓட்ட போட்டா எப்பிடிக்கா?"

"வரட்டும். ஓட்ட வழியா பாக்கட்டும்."

"கெத்தா இருக்கும்னுதாங்க்கா போட்டன். நீங்க குண்டுக்கு நடுவுல நின்னவங்க..."

அவள் ஸ்டூலிலிருந்து இறங்கினாள். வெட்டின துண்டை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினாள்.

"கேட்டுக்கடா. துப்பாக்கி வெச்சிருக்கறவள சண்டையில கொல்லலாமாம். பக்கெட்டு வெச்சிருக்கறவள கொல்லக்கூடாதாம். அப்பிடி ஒரு சட்டம் இருக்குதாம். சல்மாவுக்குன்னு இந்த ஒலகத்துல மிச்சம் இருக்கறது அந்த ஒரு சட்டம்தான். நீ என் கையில துப்பாக்கிய குடுத்து அதையும் புடுங்கிக்கற."

சேகர் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. அதுவரை நானும் அதை வெறும் படம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விழா நின்றுவிடவில்லை. நம் ஊரில் எதுதான் அப்படி நிற்கிறது? சாயந்திரம் எம்.எல்.ஏ. வந்தார், ரிப்பனை வெட்டினார். பிளெக்ஸில் ஓட்டை இருந்த இடத்தில் ஒரு கட்சிக் கொடியை மாட்டி மறைத்திருந்தார்கள். மைக்கில், "செவிலியர் திலகம் மேடைக்கு வரவும்" என்றார்கள். அவள் கூட்டத்தின் நடுவில் நின்று, "நான் நர்ஸ் இல்ல! துணி தொவச்சவ!" என்று கத்தினாள். மைக் பெரிசு, தொண்டை சின்னது. "அன்னாரின் தன்னடக்கத்தால் அவரது சகோதரர் பெற்றுக்கொள்வார்" என்று அறிவித்துவிட்டு, சால்வையைத் தம்பிக்குப் போர்த்தினார்கள். அவன் பல்லெல்லாம் தெரிய போட்டோவுக்கு நின்றான். அவள் வீட்டுக்குப் போகாமல் என் கடையில் வந்து உட்கார்ந்தாள். "என்னை எது ஒண்ணா வேணும்னாலும் ஆக்கறாங்கடி. நான் செஞ்ச ஒண்ண உட்டுட்டு" என்றாள். அன்றைக்குத்தான் அவள் அழுது பார்த்தேன்.

விசாரணை நாளும் வந்தது. தம்பி வீட்டில் நெட் எடுக்காது. எடுத்தாலும் அங்கே வேண்டாம் என்றுதான் அவன் சொல்லியிருந்தான். சேகர் தானாக வந்து, "என் கடையில உக்காருங்கக்கா" என்றான். பிளெக்ஸ் மிஷினை நிறுத்தி, லேப்டாப்பைத் துடைத்து வைத்தான். புழுக்கம் தாங்காமல் ஷட்டரைத் திறந்தே வைத்திருந்தோம். பக்கத்து டீக்கடைப் பெஞ்சு மொத்தமும் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தது. தம்பி வாசலுக்கு வெளியே, கையைக் கட்டிக்கொண்டு, உள்ளேயும் வராமல் போகவும் போகாமல் நின்றான்.

திரையில் ஒரு வெள்ளைக்காரர். பக்கத்துக் கட்டத்தில் மொழிபெயர்க்க ஒரு பெண். யாழ்ப்பாணப் பேச்சு.

"அம்மா, ஆறுதலாச் சொல்லுங்கோ. நீங்கள் அங்க என்ன வேலை செய்தனீங்கள்?"

"துணி தொவச்சன்."

எல்லாம் சொன்னாள். கரண்ட் போனது, காலால் மிதித்தது, மாடியில் விரித்த போர்வைகள், சல்மா, சல்மாவின் கையில் இருந்தது. ஒரு இடத்தில் மொழிபெயர்க்கிற பெண் பேச்சை நிறுத்திவிட்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் மேலே சொன்னாள். அவளும் ஏதோ ஒரு சண்டைக்குத் தப்பி வந்தவளாக இருப்பாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"சரியம்மா. உங்களையும் இறந்த மூண்டு பேரையும் போரில் ஈடுபடாத ஆக்கள் எண்டு பதியினம். சரிதானே?"

சரி என்று சொல்லிவிட்டால் முடிந்தது. சொல்வாளா?

"அது சரியில்லிங்க. ஈடுபடாத, செய்யாத... நாங்க செய்யாதத எழுதி இன்னா ஆவுது? எங்க ஊரு ஆடு மாடுகூடத்தான் சண்ட போடல. செஞ்சத எழுதச் சொல்லுங்க. நாங்க தொவச்சோம். தொவச்சதாலதான் அந்த ஆஸ்பத்திரி அத்தினி நாள் நின்னுது. எத்தினி பேரு பொழச்சி வூட்டுக்குப் போனாங்க! அத எழுதுங்க."

அந்தப் பெண் அதை மொழிபெயர்க்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள். வெள்ளைக்காரர் தலையாட்டி எழுதிக்கொண்டார். பிறகு, ஸ்டேட்டஸிலிருந்து எப்படியோ அவர்கள் கைக்கும் போயிருந்த அந்தப் படத்தைத் திரையில் காட்டினார். டாங்கி, நெருப்பு, துப்பாக்கி, பூ வைத்த தலை.

"அது நான் பண்ணதுங்க" என்று சேகர் குறுக்கே வந்து சொன்னான். "நெட்ல கெடந்த படத்துல அக்கா மூஞ்சிய ஒட்டினன். துப்பாக்கி என்துங்க. அவங்க அத வெட்டி எறிஞ்சிட்டாங்க."

அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

"அம்மா, குறை நினைக்காதேங்கோ. படத்தில போராளி எண்டு இருக்கு, எழுத்தில நர்ஸ் எண்டு இருக்கு, நீங்கள் துணி துவைச்சது எண்டு சொல்லுறியள். நாளைக்கு மற்றத் தரப்பு இதைத்தான் பிடிச்சுக் கேட்கும். நீங்கள் அந்த வேலை செய்ததை அந்த நேரத்திலயே கண்ட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

கண்டவர்கள் செத்துப்போனார்கள். எனக்குத் தெரிந்தது எல்லாம் அவள் வந்த பிறகு சொல்லிக் கேட்டது. நான் எழுந்து நின்றேன், எதற்கு நின்றேன் என்று தெரியாமல். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல்முறையாக அவளிடம் திருத்துவதற்கு எதுவும் இல்லை. இத்தனை பேர் இத்தனை விதமாகச் சொன்ன பொய்க்கு முன்னால், அவள் சொன்ன உண்மையும் இன்னொரு விதமாகத்தான் போய் நிற்கும் போலிருந்தது. சல்மா துப்பாக்கிக்காரியாகவே போய்விடுவாள்.

வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. தம்பி உள்ளே வந்தான்.

"நான் பாத்தங்க" என்றான். லேப்டாப்புக்கு எதிரே குனிந்தான். "வீடியோ கால்ல பேசுவாங்க. வேல எடத்துலேர்ந்து. பின்னால தொட்டி இருக்கும், மாடி கம்பியில போர்வ தொங்கும். பக்கத்துல யாராச்சும் இருந்தா நான் கட் பண்ணிடுவன். வெள்ள சட்ட போட்டுகினு பேசுக்கான்னு சண்ட போடுவன். அந்த சல்மாம்மாவையும் பாத்திருக்கன். என்னப் பாத்தா தம்பி தம்பின்னு கை ஆட்டுவாங்க. கை பூரா சோப்பு நொரையா இருக்கும்."

"அப்ப உங்கட அக்கா நர்ஸ் இல்லையோ?"

தம்பி திரும்பி வாசலைப் பார்த்தான். டீக்கடைப் பெஞ்சில் ஊர் உட்கார்ந்திருந்தது. கல்யாணப் பந்திக்கு வந்தவர்கள், சால்வைக்குக் கைதட்டினவர்கள், யார் துணியை யார் தொடலாம் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். அவன் திரைக்குத் திரும்பவில்லை. அவர்களைப் பார்த்தே சொன்னான்.

"நர்ஸ் இல்ல. நான் சொன்னது பொய்யி. எங்க அக்கா துணி தொவச்சாங்க."

"என்ன மட்டும் சொல்ற" என்றாள் அவள். "அவ பேர வுட்டுட்ட."

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். இந்த முறை ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"எங்க அக்காவும் சல்மாவும் துணி தொவச்சாங்க!"